பருவமழை எப்போது வரும்? மே மாதமே தேதி சொல்லும் ‘பிசிஏ’ கணக்கு

தென்மேற்குப் பருவமழை கேரளாவில் தொடங்கும் தேதியை, மே மாத நடுவிலேயே இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்லிவிடுகிறது. கூடவே, ‘நான்கு நாள் முன்னே பின்னே ஆகலாம்’ என்று ஒரு வால். 2005-ல் இருந்து இதுதான் வழக்கம். மேட்டூர் அணையும் டெல்டாவின் குறுவையும் இந்த மழையை நம்பித்தான் இருக்கின்றன என்பதால், தமிழ்நாட்டிலும் இந்தத் தேதிக்குக் காத்திருக்கிறார்கள்.

மழை வந்துவிட்டது என்று அறிவிப்பது தனி வேலை. திருவனந்தபுரம், கொச்சி, மினிக்காய், மங்களூரு உள்ளிட்ட 14 நிலையங்களில் 60 சதவீதத்தில், மே 10-க்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்ய வேண்டும். காற்றும் மேகமும் ஒத்துவர வேண்டும்.

முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்?

ஆறு அளவீடுகளை வைத்து. வடமேற்கு இந்தியாவின் குறைந்தபட்ச வெப்பநிலை, தென்னிந்தியாவின் கோடைமழை உச்சம், இந்தியப் பெருங்கடல் மேல் இரண்டு இடங்களில் காற்று, தென் சீனக் கடலிலும் தென்மேற்கு பசிபிக்கிலும் விண்வெளிக்குத் திரும்பும் வெப்பக் கதிர்வீச்சு. மேகம் கூடினால் இந்தக் கதிர்வீச்சு குறையும்.

சிக்கல் என்னவென்றால், இவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே செய்தியை ஆறு பேர் ஃபார்வர்டு செய்தால் அது ஆறு சாட்சி ஆகிவிடாது, இல்லையா? அதற்குத்தான் பிசிஏ, அதாவது முதன்மைக் கூறு பகுப்பாய்வு. ஆறும் சேர்ந்து எந்தப் போக்கில் அதிகம் மாறுகின்றனவோ, அது முதல் கூறு. அதோடு தொடர்பில்லாமல் மிஞ்சுவதில் பெரியது அடுத்தது. இப்படிக் கிடைக்கும் சில எண்களை வைத்துத்தான் தேதியைக் கணிக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. தினசரி அளவுகளை 40 ஆண்டுக்குச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான வரிசைகள் வரும். எல்லாவற்றையும் அப்படியே பிசிஏ-வில் கொட்டினால், முதல் கூறு காலண்டரைத்தான் காட்டும்: ஏப்ரலைவிட மே சூடு. அது நமக்கே தெரியும். வழக்கத்திலிருந்து அந்த ஆண்டு எவ்வளவு விலகியது என்பதுதான் வேண்டும். இன்றைய வெப்பம் பெரும்பாலும் நேற்றையதன் நகல். பருவமழையோ ஆண்டுக்கு ஒரு முறைதான் தொடங்கும். ஆக, 40 ஆண்டுக்கு 40 விடைதான். இவ்வளவு குறைந்த விடைகளுக்கு நிறைய காரணிகளைக் கொடுத்தால், கணக்கு பழைய ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிடும்.

பலிக்கிறதா?

2021 முதல் 2025 வரை பார்த்தேன். ஐந்து ஆண்டுமே நான்கு நாள் வரம்புக்குள். 2023-ல் மட்டும் மயிரிழை: சொன்னது ஜூன் 4, வந்தது ஜூன் 8. எந்தக் கணக்கும் போடாமல், வழக்கமான தேதியான ஜூன் 1-ஐயே ஒவ்வொரு ஆண்டும் சொல்லியிருந்தால் மூன்று ஆண்டுதான் பலித்திருக்கும். ஐந்து ஆண்டு ரொம்பக் குறைவு, ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது. தவறிய ஆண்டு 2015: மே 30 என்றார்கள், ஜூன் 5-ல் வந்தது.

தேதி சரியாக இருந்தாலும், எவ்வளவு பெய்யும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. 2009-ல் மே 23-லேயே கேரளாவுக்கு வந்துவிட்ட பருவமழை, சீசன் முடிவில் நாடு முழுக்க 22 சதவீதம் பற்றாக்குறை.