‘ட்ரெய்னி’ன்னா வேலையா... படிப்பா?

சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்துல பஸ்ல போறப்போ, ‘இந்த மாதிரி ஒண்ணுல நம்ம கையும் படணும்’னு நினைச்சிருக்கீங்களா? அப்போ நீங்க நம்மாளு பாஸ்... சிவில் டிபார்ட்மென்ட்!

ஆனா டிகிரி கைக்கு வந்ததும், பெரும்பாலும் முதல் லெட்டர்ல உங்க பேருக்குக் கீழே இருக்கப்போறது ‘இன்ஜினீயர்’ இல்லை, ‘ட்ரெய்னி’. லாரி, கோழிப்பண்ணைனு உழைச்சு, கல்விக் கடனும் வாங்கிப் படிக்க வைச்ச நாமக்கல் பக்கத்து வீடுகள்ல உடனே கேள்வி வரும்... ‘‘ஏங்கண்ணு, இது வேலையா, இன்னும் படிப்பா?’’

நியாயமான கேள்வி! பதில், உங்க லெட்டர் எந்த வகைங்கிறதைப் பொறுத்தது. மூணு வகை இருக்கு.

முதல் வகை, அப்ரண்டிஸ். இது 1961-ம் வருஷத்து தொழிற்பழகுநர் சட்டத்துக்குள்ள வரும். பட்டதாரி இன்ஜினீயர்களை இதுக்குள்ள கொண்டு வந்தது 1973 திருத்தம். காலம் ஒரு வருஷம். நம்ம ஏரியாவைப் பார்த்துக்கிறது சென்னை தரமணியில இருக்கிற தென்மண்டல தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். குறைந்தபட்ச உதவித்தொகையில பாதியை அரசு கொடுக்கும். 2019 விதிகள் பட்டதாரிக்கு மாசம் 9,000 ரூபாய்னு வைச்சுது. இதை உயர்த்தணும்னு மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025-ல பரிந்துரை செஞ்சுது. தனியார் கம்பெனிதான்னு இல்லை, தமிழகப் பொதுப்பணித்துறையும் 2023-ல சிவில் பட்டதாரிகளை இப்படிக் கூப்பிட்டுச்சு.

ஆனா ஒண்ணை மனசுல வைச்சுக்கங்க. சட்டப்படி நீங்க தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுறவர். முடிச்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லலை. அதேசமயம், பயிற்சியில அடிபட்டா இழப்பீடு தர வேண்டியது முதலாளி பொறுப்பு. இதுவும் அதே சட்டத்துல இருக்கு!

ரெண்டாவது வகை, பெரிய கட்டுமானக் கம்பெனிகள் கேம்பஸ்ல எடுக்கிற ‘கிராஜுவேட் இன்ஜினீயர் ட்ரெய்னி’... சுருக்கமா ஜி.இ.டி. இது வேலைதான். ஆரம்பக் காலத்தைப் பயிற்சினு வைச்சு, அப்புறம் நிரந்தரம் பண்ணுவாங்க. எந்த ஊர் சைட்டுக்கும் போகத் தயாரா இருக்கணும். அஸ்ஸாம்னாலும் சரி, ஆத்தூர்னாலும் சரி!

மூணாவது வகை, நிஜமாவே வேலையும் படிப்பும் சேர்ந்தது. எல் அண்ட் டி நடத்துற ‘பில்ட் இந்தியா ஸ்காலர்ஷிப்’ நல்ல உதாரணம். ஃபைனல் இயர்லயே அப்ளை பண்ணணும். தேர்வானா ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில கட்டுமானத் துறை எம்.டெக். கம்பெனி செலவுல படிக்கலாம். படிச்சு முடிச்சதும் அங்கேயே வேலை. பதிலுக்கு, இத்தனை வருஷம் இருப்பேன்னு ஒப்பந்தமும் உண்டு.

‘எனக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன்தான் பிடிக்கும், சைட் எல்லாம் எதுக்கு?’ங்கிறீங்களா? ஸ்டாட் ப்ரோவுல பில்டிங்கை நிக்க வைக்கிறது ஒரு விஷயம். தூணுக்கு 40 மி.மீ. கவர்னு டிராயிங்ல எழுதுறது ஈஸி. சைட்ல கவர் பிளாக் நகர்ந்து, கம்பி சென்ட்ரிங் பலகையை ஒட்டி நின்னா? காங்க்ரீட் ஊத்தினதும் எல்லாமே மறைஞ்சிடும். ரெண்டு மழைக்காலம் போனாக் கம்பி துரு பிடிக்கும். இதைப் பார்த்த உடனே கண்டுபிடிக்கிற கண்ணு, கம்பி கட்டுற அண்ணன்கிட்டயும் மேஸ்திரிகிட்டயும் நின்னு கத்துக்கிறதுலதான் வரும். 28 நாள் கழிச்சு கியூப் உடைச்சுப் பார்க்கிற ரிசல்ட்டை நம்பணும்னா, அந்த கியூபை அன்னிக்கு யார், எப்படிப் போட்டாங்கனு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை. 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் செத்துப் போனாங்க. அதுல பெரும்பாலானவங்க பிழைப்பு தேடி வந்த கட்டடத் தொழிலாளிங்க. கணக்குல ஒரு தப்பு வந்தா, அதோட விலையைக் கொடுக்கிறது கணக்குப் போட்டவர் இல்லைங்க!

அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேட்டுடுங்க.

* அப்ரண்டிஸா, ஜி.இ.டி.யா? அப்ரண்டிஸ்னா ஒப்பந்தம் வாரியத்துல பதிவாகுமா, கடைசியில சர்டிஃபிகேட் வருமா?

* எனக்குக் கத்துக்கொடுக்கப் போற இன்ஜினீயர் யார்? டிசைன், சைட், குவாலிட்டி, பில்லிங்... எதுல எத்தனை மாசம்?

* பாண்ட் உண்டா? எத்தனை வருஷம், எவ்வளவு பணம்? வாய்ப்பேச்சு வேணாம், எழுத்துல வேணும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைச் சரிபார்த்ததும் திருப்பித் தருவாங்களா? ‘எங்ககிட்டயே இருக்கட்டும்’னா உஷார்!

* சைட்ல தங்குற இடம், டாய்லெட், ஹெல்மெட், இன்ஷூரன்ஸ் இருக்கா? பொண்ணுங்க கூச்சப்படாம முதல்லயே கேளுங்க.

இதுல ரெண்டாவது கேள்விக்கு ‘அதெல்லாம் போகப் போகத் தெரியும்’னு பதில் வந்தா, அங்கே ட்ரெய்னிங் இல்லை, குறைஞ்ச சம்பளத்துக்கு ஒரு ஆள் தேவைப்படுதுனு அர்த்தம். அதே கேள்விக்கு ஒருத்தர் பேரும், ஒரு மாசக் கணக்கும் சொன்னாங்கன்னா, சம்பளம் ரெண்டாயிரம் கம்மியா இருந்தாலும் யோசிக்கலாம். வீட்டுலயும் தைரியமா சொல்லலாம்... ‘‘ரெண்டும்தான்ம்மா. ஒரு வருஷம் பொறுத்துக்கங்க!’’