விதையில்லாக் கனகாம்பரம்: வீட்டிலேயே நாற்று வளர்க்கும் முறை

கனகாம்பரம் என்னும் வடசொல்லுக்குப் பொன்னாடை என்பது பொருள். ஆடை நெய்யும் நம் அங்கத்தினர் வீட்டு வாசலிலும், மலர் பயிரிடும் அங்கத்தினர் தோட்டத்திலும் இச்செடி ஒருங்கே காணப்படுவது பொருத்தமேயாகும். மணம் இல்லாவிடினும் நிறத்தாலும், எளிதில் வாடாத தன்மையாலும், முல்லையோடும் மரிக்கொழுந்தோடும் சேர்த்துத் தொடுக்க இசைவதாலும் இம்மலர் கோவைப் பூ மார்க்கெட்டிலும் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டிலும் தனக்கென ஓரிடம் பெற்றிருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் பறிக்கலாம். தறி வேலை தொடங்குமுன் முடிந்துவிடும் பணி இது.

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. சாதாரண வகைகளில் காய்ந்த கதிரின்மீது நீர் பட்டதும் காய்கள் படீரென்று வெடித்து விதைகளைத் தெறிக்கும். இதனாலேயே மேனாட்டார் இதனைப் பட்டாசுப் பூ என்று அழைத்து, வீட்டுச் சாளரத்தருகே தொட்டியில் வளர்க்கின்றனர். ஆனால் நம் பகுதியில் பெரிதும் விரும்பப்படும் 'டெல்லி கனகாம்பரம்' விதை வைப்பதில்லை. உயிரணுக்களில் மரபுக்கூறுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் இதில் மூன்று தொகுதிகளாக உள்ளன. மூன்றை இரண்டு சம பங்காகப் பிரிக்க இயலாது. ஆகவே விதை உருவாவதில்லை. பூவன், நேந்திரன் வாழைப் பழங்களில் விதை இல்லாமைக்கும் இதுவே காரணம்.

எனவே இச்செடி தண்டு வெட்டி நட்டால்தான் பெருகும். கரும்புக் கரணையும் மஞ்சள் கிழங்கும் நட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. தாய்ச்செடியின் பூ எவ்வாறோ, அவ்வாறே கன்றின் பூவும் அமையும். நிறம் மாறுமோ என்ற ஐயம் வேண்டியதில்லை.

நோய் பரவும் வழி

கனகாம்பரத்துக்குப் பெரும் பகை வாடல் நோய். கண்ணுக்குப் புலப்படாத நூற்புழுக்கள் முதலில் வேரைப் புண்படுத்துகின்றன. அப்புண் வழியே மண்ணிலுள்ள பூசணம் உட்புகுந்து நீரோட்டத்தை அடைக்கிறது. செடி வெளிறி, வளர்ச்சி குன்றி, பின்னர் மடிகிறது. நூற்புழு வாழ்வது வேரிலும் மண்ணிலுமேயாகும்.

கடன் விண்ணப்பங்களைப் பார்வையிடச் சென்ற ஒரு சிற்றூரில் இதன் விளைவை நேரில் கண்டேன். உறவினர் தோட்டத்தில் வேரோடு பிடுங்கிய செடிகளை மண்கட்டியுடன் கொணர்ந்து ஒருவர் நட்டிருந்தார். அவரிடமிருந்து அடுத்த இரு வீட்டாரும் அவ்வாறே பெற்று நட்டனர். மூவர் பாத்தியும் ஒரே ஆண்டில் வாடிற்று. கொடுத்தவர் நன்மை கருதியே கொடுத்தார். நட்டவர் உழைப்பிலும் குறைவில்லை. செடியுடன் மண்ணும் கைமாறியதே குற்றம்.

ஆகவே அங்கத்தினர் மனத்திற்கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு: தண்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள், மண்ணைப் பகிராதீர்கள். வாடல் அறிகுறி இல்லாத செடியின் மேற்பகுதியில் வெட்டிய தண்டைத் தூய கலவையில் வேர்விடச் செய்தால், நூற்புழு உடன் வருவதற்கு வழியில்லை.

செய்முறை

பருவம்: ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இளந்தண்டின் ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடும். காற்று தணிந்த ஆவணி, புரட்டாசியே நம் பகுதிக்கு ஏற்ற காலம். பங்குனி, சித்திரை வெயிலில் இம்முயற்சி வேண்டா.

தண்டு: ஓராண்டுக்கு மேற்பட்ட, நோயற்ற செடியைத் தேர்க. முற்றிக் கட்டையாகாமலும், மிக இளசாய் இல்லாமலும், பூக்கதிர் அற்றதாயும் உள்ள கிளையில், மூன்று நான்கு கணுக்கள் கொண்ட சுமார் 10 செ.மீ. துண்டை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. வெட்டுவாயில் பழுப்பு நிறம் தென்பட்டால் அத்தண்டையும், அதன் தாய்ச்செடியையும் விலக்கிவிடுக. ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குச் செல்லுமுன் கத்தியைத் தீயில் வாட்டுவது நலம். அடி இலைகளைக் களைந்து, மேலே இரண்டு இலைகளை மட்டும் பாதியாக நறுக்கி விடுக. கடையில் கிடைக்கும் வேரூக்கிப் பொடியில் அடிநுனியைத் தோய்த்தால் வேர் விரைந்து வரும். அது இல்லாவிடினும் வரும்.

கலவை: கழுவிய மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி. பொள்ளாச்சிப் பக்கத்தில் நார்க்கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதிலுள்ள உப்பு நீங்க இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். கலவையில் கொதிநீரை நிறைய ஊற்றி ஆறவிட்டபின் பயன்படுத்துக. பழைய பூந்தோட்டத்து மண்ணை ஒரு பிடியும் சேர்க்கலாகாது.

பேணல்: அடியில் துளையிட்ட சிறு பைகளில் கலவையை நிரப்பி, இரு கணுக்கள் புதையுமாறு நட்டு, மேலே குச்சி நிறுத்தி ஒளிபுகும் பாலிதீன் தாளால் மூடுக. நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரமே போதும். நாளுக்கு ஒருமுறை தாளைத் திறந்து காற்றுப்பட விடுக. கலவை ஈரமாயிருக்க வேண்டும். நீர் தேங்கினால் அடி அழுகும். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். புதுத்துளிர் வந்தது கொண்டு வேர் வந்ததென முடிவு செய்யாமல், மெல்ல இழுத்துப் பார்த்து அறிக. பின்னர்ச் சிறிது சிறிதாகத் தாளை அகற்றி வெளிக்காற்றுக்குப் பழக்கி, மேலும் ஒரு மாதம் கழித்து நிலத்தில் நடலாம்.

நிலத்தில் வரிசைக்கு 60 செ.மீ., செடிக்குச் செடி 40 செ.மீ. இடைவெளி தருக. இக்கணக்கில் ஒரு சென்டு நிலத்திற்கு ஏறக்குறைய 170 கன்றுகள் வேண்டும். ஒரு தாய்ச்செடியில் பத்துத் துண்டு எடுத்து ஏழு பிழைத்தாலும், இருபத்தைந்து தாய்ச்செடிகள் ஒரு சென்டுக்குப் போதுமானவை. கன்று விலைக்கென்று கைக்காசோ கடனோ தேவைப்படாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பசுமையாயிருந்தால், அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து தெளிக்கச் சரியாகும். வாடல் கண்ட பாத்தியில் மீண்டும் கனகாம்பரம் நடாமல், செண்டுமல்லி பயிரிடுக. அதன் வேர் நூற்புழுவைக் குறைக்க வல்லது.

சங்கத்தின் கடமை

இதனைத் தனியொருவர் செய்வதிலும் சேர்ந்து செய்வது மேல். பக்கத்துத் தோட்டம் நோயுற்றால் நம் தோட்டமும் தப்புவது அரிது. ஒவ்வொரு சங்கத்திலும் நான்கைந்து அங்கத்தினர் வீடுகளில் தாய்ச்செடிகளைத் தனியே பேணலாம். எவரிடமிருந்து, எந்நாளில் தண்டு பெற்றோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது இன்றியமையாதது. பின்னாளில் ஓரிடத்தில் வாடல் தோன்றினால், அக்குறிப்பைக் கொண்டு மற்ற வீட்டாரை உடனே எச்சரிக்க இயலும். ஐயம் எழுந்தால், வேரையும் மண்ணையும் தனித்தனிப் பையிலிட்டுக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரிடம் காட்டி ஆலோசனை பெறுக.

ஆடிக் கூட்டத்திலேயே தாய்ச்செடி உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைச் சங்கச் செயலாளர் தயாரித்து வைப்பாராயின், ஆவணியில் தண்டு வழங்கத் தாமதம் நேராது.