றவுட்டருக்கு மட்டும் குரல் இருந்தால் போதுமா?

யாழ்ப்பாணத்தில் வைபை பூட்டப் போகிறவர் எவராயிருந்தாலும் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை, இதைவிடப் பெரிய றவுட்டர் ஒண்டு போட்டா லைன் நல்லா வருமோ?" சுன்னாகத்தில் ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். கமராவும் வைபையும் பூட்டுவது எங்கள் தொழில். வீடு, விடுதி, கல்யாண மண்டபம், ரியூட்டரி என்று குடாநாட்டின் எல்லாப் பக்கமும் ஏணியோடு போகிறோம். எங்கே போனாலும் கனடாவில் இருக்கிற மகனோடு கதைக்கும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது என்ற முறைப்பாடு இருக்கும். அன்ரனா கூடின பெட்டிதான் அதற்குப் பரிகாரம் என்ற முடிவும் தயாராக இருக்கும். அந்த முடிவு ஏன் பெரும்பாலும் சரிவராது என்பதை எனக்குக் கணக்கோடு விளங்கவைத்தது, இப்போது இரவுகளில் நான் படித்துக்கொண்டிருக்கும் ஒரு சோதனை.

அதன் பெயர் சி.டபிள்யூ.என்.ஏ. அமெரிக்காவின் சி.டபிள்யூ.என்.பி. அமைப்பு நடத்துகிறது. எந்தக் கம்பனியின் பெட்டியையும் சாராமல், கம்பியில்லா வலையமைப்பின் அடிப்படையை மட்டும் சோதிப்பது. 90 நிமிடத்தில் 60 கேள்வி, 70 வீதம் எடுத்தால் சித்தி. சான்றிதழ் 3 வருடம் செல்லும். எங்கள் பக்கத்தில் வலையமைப்புப் படிப்பென்றால் முதலில் வாயில் வருவது சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.தான். அதிலே வயர்லெஸ்ஸுக்கென்று தனியாக இருந்த சோதனையை சிஸ்கோ 2020 பெப்ரவரியில் நிறுத்தி, பொதுச் சோதனைக்குள் ஒரு பகுதியாக அடக்கிவிட்டது. அலையைப் பற்றியே ஆற அமரப் படிக்க நினைப்பவருக்குச் சி.டபிள்யூ.என்.ஏ. பொருத்தம். கட்டணம்தான் கடிக்கும். அதை டொலரில் கட்டவேண்டும். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் நின்ற டொலர், இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்ட காலத்தை நாங்கள் மறக்கவில்லை.

பாடம் தொடங்குவது வானலையில். இது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. எண்பதுகளில் கொடைக்கானலிலிருந்து வந்த தூரதர்சனைப் பிடிக்கக் கூரைக்கு மேலே உயர உயரக் குழாய் நட்டு, குறுக்குக் கம்பிகள் வைத்த அன்ரனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஊர் இது. அந்த வகை அன்ரனாவை 1926இல் ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் உருவாக்கினார்கள் என்று பாடத்தில் படிக்கும்போது, அதைக் கூரையில் ஏறித் திருப்பிய அப்பாவுக்கு நான் எதையும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போய், பற்றரிக்கும் தடை வந்த வருடங்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறையும் அவருடையதுதான்.

ஆனால் அந்த அனுபவம் எல்லாம் கேட்கிற அனுபவம். கொடைக்கானல் எங்களுக்கு அனுப்பியது. நாங்கள் கொடைக்கானலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்புகிறவர் பலத்தைக் கூட்டினால், வாங்குகிறவர் அன்ரனாவை உயர்த்தினால், வேலை முடிந்தது. வைபையில் அப்படி முடியாது. றவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தரவுக்கும் "வந்து சேர்ந்தது" என்று போன் திருப்பிச் சொல்லவேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் றவுட்டர் அதையே மறுபடி அனுப்பும். கோயில் ஒலிபெருக்கி அடுத்த ஊருக்கும் கேட்கும். அடுத்த ஊரிலிருந்து நீங்கள் கூப்பிட்டால் ஐயருக்குக் கேட்குமா? பெரிய றவுட்டர் வாங்குவது ஒலிபெருக்கியைக் கூட்டுகிற வேலை. உங்கள் கையிலுள்ள போனின் குரல் அப்படியேதான் இருக்கும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. பலரைப் பயமுறுத்தும் டெசிபெல் பாடத்துக்கு இரண்டு விதி போதும். 3 டெசிபெல் கூடினால் வலு இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 1 மில்லிவாற் என்பது 0 டிபிஎம். ஆகவே வீட்டு றவுட்டர் ஒன்றின் 100 மில்லிவாற் 20 டிபிஎம் ஆகும். பல போன்கள் அதில் பாதியோ காற்பங்கோதான் அனுப்பும், அதாவது 17 அல்லது 14 டிபிஎம். இனித் தூரம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை, தடையே இல்லாத வெளியில், முதல் ஒரு மீற்றரிலேயே 40 டெசிபெல்லை இழக்கிறது. 10 மீற்றரில் 60, 100 மீற்றரில் 80. றவுட்டர் அனுப்பிய 20 டிபிஎம் 100 மீற்றருக்கு அப்பால் -60 ஆக வந்து சேர்கிறது. அது ஒரு மில்லிவாற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. குரல் அழைப்புக்கு -67 வரை நல்லதென்று வடிவமைப்பவர்கள் கணக்கெடுப்பார்கள். வெறுவெளியில் 100 மீற்றர் போனால்கூட இடமிருக்கிறதென்றால், வீட்டுக்குள் ஏன் அறுந்துபோகிறது?

அதற்குப் பதிலைத் தருவது எங்கள் வீடுகள்தான். பழைய நாற்சார் வீட்டின் சுண்ணாம்புக்கல் சுவர் ஒரு முழம் தடிப்பானது. லைன் வருகிற இடம் முன் விறாந்தை என்பதால் றவுட்டரும் அங்கேயே ஆணியில் தொங்கும். பின்னாலே குசினிக்குப் போவதற்குள் அலை இரண்டு மூன்று சுவரைத் தாண்டவேண்டும். காய்ந்த பனையோலை வேலி அதற்கு ஒரு தடையே அல்ல. தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கமரா வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். மாரியில் வைபை மோசமாகிறது என்பார்கள். 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் அலைகளை மழைத்துளி பெரிதாகக் குறைப்பதில்லை. நனைந்து நிற்கிற மாவும் முருங்கையும்தான் குறைக்கின்றன.

கடல்நீரேரியைத் தாண்டி இணைப்புக் கொடுக்க நினைத்தால் இன்னொரு கணக்கு வரும். இரண்டு அன்ரனாவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. நடுவிலே அகன்ற ஒரு வெளியும் தடையின்றி இருக்கவேண்டும். அதைப் பிரெனல் வலயம் என்பார்கள். 5 கிலோமீற்றர் தூரத்துக்கு, 2.4 கிகாஹேர்ட்ஸில் அதன் ஆரை நடுவிலே ஏறக்குறைய 12.5 மீற்றர். அதில் 60 வீதமாவது வெளியாக இருக்கவேண்டும். பனை 30 மீற்றர் வரை வளரும். பனங்கூடல் உள்ள கரையில் கம்பத்தை எங்கே நடுவது என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கும்.

தூரத்து வைபைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமத்துப் பார்வை மையங்களோடு இணைக்க, 2000களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைபை அட்டைகளையும் ஒரே திசை பார்க்கும் அன்ரனாக்களையும் பயன்படுத்தினார்கள். பல கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற நோயாளியை மருத்துவர் திரையில் பார்த்துப் பேச முடிந்தது. அங்கேயும் சிக்கல் வலுவில் இல்லை, பதிலில் இருந்தது. தூரம் கூடியதால் பதில் பிந்தியது. அதற்குள் கருவி பொறுமையிழந்து மறுபடி அனுப்பியது. இரு முனைகளுக்கும் முறைவைத்து நேரம் பிரித்துக் கொடுத்துத்தான் அதைத் தீர்த்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம், மற்றவை பொறுத்திருக்கவேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 13 சனல் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே. பக்கத்துக் கடைக்காரர் 3இலோ 4இலோ வைத்தால் இரண்டு பக்கத்தையும் குழப்புவார். மண்டபத்துக்கு ஒரு பெரிய பெட்டி வாங்குவதிலும், கேபிள் இழுத்துப் பல சின்னப் பெட்டிகளை வலுக் குறைத்து, 5 கிகாஹேர்ட்ஸில் வைப்பது நல்லது. வலுவைக் குறைக்கக் காசு கேட்கிறாளே என்று முதலில் பார்ப்பார்கள்.

பாதுகாப்புக்கும் ஒரு பகுதி இருக்கிறது. வெப் என்ற பழைய பூட்டு 2001இலேயே உடைபட்டுவிட்டது. 2004இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தன. பூட்டு எவ்வளவு புதிதானாலும் வீட்டுப் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தால் பயனில்லை.

இந்தப் படிப்பு கடைக்கு வெளியேயும் உதவும். 2019இல் யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் ஸ்மார்ட் கம்பங்கள் நடப்பட்டபோது, 5ஜி கதிர்வீச்சுப் பயத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரிப்பதில் பிரயோசனமில்லை; கணக்கைக் காட்டலாம். 100 மில்லிவாற் றவுட்டரிலிருந்து ஒரு மீற்றரில் நிற்பவர் மேல் விழுவது சதுர மீற்றருக்கு 0.008 வாற். பொதுமக்களுக்கான சர்வதேச எல்லை 10 வாற். கோபுரங்களின் வலு இதைவிட அதிகம். அவற்றையும் அளந்து, அந்த எண்ணை ஊருக்குச் சொல்லுங்கள் என்று கேட்பதே நியாயமான கோரிக்கை.

படிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு: புத்தகம் ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு முதல் அத்தியாயங்கள் மெதுவாகத்தான் போகும். கணக்கு உயர்தரம் தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் டெசிபெல் வந்துவிடும். அண்ட்ரொயிட் போனில் இலவச வைபை அனலைசர் ஒன்றை இறக்கி, முன் விறாந்தையிலிருந்து கிணற்றடி வரை நடந்து, ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். வலுக் கணக்குப் பாடத்தில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அளப்பதற்குக் காசு கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இன்னும் வரவில்லை. பெட்டிக்கு மட்டும்தான் கொடுக்கிறோம். அடுத்த முறை யாராவது வைபை பூட்ட வந்தால், அது நானாக இருந்தாலும், இன்னும் பெரிய பெட்டி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். குசினியில் எத்தனை டிபிஎம், அறையில் எத்தனை, எந்தச் சனல் என்று கேளுங்கள். எண்ணைக் காட்ட முடியாதவருக்குக் காசைக் கொடுக்க அவசரப்படவேண்டாம்.