நீங்கள் சேர்க்காத தேடுபொறிகள் உங்கள் பிரௌசரில்... எப்படி வந்தன?

கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, செட்டிங்ஸில் தேடுபொறிப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். கூகுள், பிங் இருக்கும். இன்னும் கொஞ்சம் கீழே போனால், எப்போதோ ஒருமுறை எட்டிப்பார்த்த ஷாப்பிங் தளம், வீட்டுப்பாடத்துக்குத் திறந்த அகராதி, விக்கிப்பீடியா என்று ஒரு பட்டியலே இருக்கலாம்.

"நான் எதையும் சேர்க்கலையே!" என்று தோன்றும். உண்மைதான். சேர்த்தது உங்கள் உலாவி.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி

ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் திரையில் தெரியாத தலைப்பகுதி ஒன்று உண்டு. உலாவி மட்டும்தான் அதைப் படிக்கும். தேடல் வசதி உள்ள தளங்கள் பல அங்கே ஒரு வரி எழுதி வைக்கின்றன. "எங்களிடம் தேடலாம், விவரம் இந்த முகவரியில்" என்பதுதான் அதன் பொருள்.

அந்த வரியைக் கண்டதும் உலாவி அங்கிருந்து ஒரு சின்னக் கோப்பை எடுத்துக்கொள்ளும். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தளத்தின் சுருக்கப் பெயர், ஒரு சின்னம், ஓர் இணைய முகவரி. அந்த முகவரியில் ஓரிடம் காலியாக இருக்கும். நீங்கள் தேடும் சொல் அங்கே போய் உட்காரும். ரெடிமேட் படிவம் மாதிரி. கணினியில் ஓடக்கூடிய நிரல் எதுவும் அதில் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஓப்பன்சர்ச். அமேசானின் துணை நிறுவனமான ஏ9 இதை 2005இல் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே ஃபயர்ஃபாக்ஸ் 2, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 இரண்டும் இதை ஏற்றுக்கொண்டன. அதற்கும் முன்பு, 1998இல், ஆப்பிள் கணினிகளில் இதேபோன்ற ஒரு தேடல் வசதி வந்தது. அதன் பெயர் ஷெர்லாக். துப்பறிவாளர் பெயர் பொருத்தம்தான்!

தமிழில் தேடினால்?

தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த வரியை வைத்திருக்கிறது. அதில் 'மழை' என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்துகள் அப்படியே போக முடியாது. உலாவி அவற்றை விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த வடிவத்துக்கு மாற்றும். 'மழை' என்ற சின்னச் சொல் 27 குறிகளாக நீண்டுவிடும். தமிழ்ப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏன் அனுமார் வால் மாதிரி நீளுதுன்னு இப்போது புரிகிறதா?

கேட்கும் உலாவி, கேட்காத உலாவி

ஃபயர்ஃபாக்ஸ் தானாக எதையும் சேர்க்காது. முகவரிப் பட்டையில் ரைட் கிளிக் செய்தால், அந்தத் தளத்தைச் சேர்க்கலாம் என்று காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

குரோம் அப்படியில்லை. நீங்கள் போகும் தளங்களைத் தானே குறித்துக்கொள்ளும். ஓப்பன்சர்ச் கோப்பு இல்லாத தளமாக இருந்தாலும், அங்கே நீங்கள் ஒருமுறை தேடிவிட்டால், முகவரியின் அமைப்பைப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும். இப்போது புதிதாகச் சேர்பவை முடக்கநிலையில்தான் இருக்கும். பட்டியலில் போய் நீங்கள் இயக்கினால் மட்டுமே வேலை செய்யும். இயக்கிய பிறகு, தளத்தின் பெயரைத் தட்டி 'டேப்' விசையை அழுத்துங்கள். நேராக அந்தத் தளத்துக்குள்ளேயே தேடலாம். ரொம்ப வசதி, ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா?

பட்டியலில் சும்மா இருக்கும் தளத்தால் உங்களுக்குத் தொல்லையில்லை. நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்துத் தேடினால்தான் நீங்கள் தட்டும் சொல் அதற்குப் போகும்.

இயல்புநிலைத் தேடுபொறி வேறு விஷயம். முகவரிப் பட்டையில் தேடுவதெல்லாம் அதற்குத்தான் போகும். பரிந்துரைகள் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், 'என்டர்' அழுத்துவதற்கு முன்பே, தட்டத் தட்ட எழுத்துகள் போய்க்கொண்டிருக்கும். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைக்கூட நாம் அங்கேதானே தட்டுகிறோம்?

ஓப்பன்சர்ச் கோப்பால் ஒரு தளம் பட்டியலுக்குள் நுழையலாம். இயல்புநிலைத் தேடுபொறியாகத் தன்னைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. ஆகவே, நீங்கள் மாற்றாமலேயே தேடல் பக்கம் முன்பின் தெரியாத தளத்துக்குத் தாவினால், அது வேறு வழியாக வந்திருக்கிறது. பெரும்பாலும் ஓர் எக்ஸ்டென்ஷன். பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், அழகான வால்பேப்பர் தருகிறேன் என்று வந்து, கூடவே தேடுபொறியையும் மாற்றிவிடும் ரகம். மாற்றலாமா என்று உலாவி கேட்கத்தான் செய்யும். நாம்தான் படிக்காமலே 'ஓகே' அழுத்திவிடுகிறோம்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் சந்தேகமான எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அதற்குப் பிறகு தேடுபொறியை மாற்றுங்கள். அந்த எக்ஸ்டென்ஷனை விட்டுவைத்தால் பழைய தொல்லை திரும்ப வந்துவிடும்.

தேடுபொறியை மாற்றவே முடியாமல் பூட்டப்பட்டு, உலாவியை ஏதோ ஓர் அமைப்பு நிர்வகிப்பதாகத் தகவல் வருகிறதா? பள்ளி கொடுத்த மடிக்கணினி என்றால் அது இயல்புதான், பள்ளியின் கட்டுப்பாடு. வீட்டில் சொந்தமாக வாங்கிய கணினியில் அப்படி வந்தால், அண்மையில் இறக்கிப் பதிந்த இலவச மென்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குங்கள்.