பொம்மை வண்டியின் 'சஸ்பென்ஷ'னுக்குக் காப்புரிமை மறுக்கப்படுவது ஏன்?

உங்களுக்குத் தெரியுமா?

தமிழ்நாட்டின் குன்றாண்டார்கோவில் என்ற ஊரில், குடைவரைக் கோயிலுக்கு முன்னுள்ள நூற்றுக்கால் மண்டபமே ஒரு தேர்தான்: கல் சக்கரங்கள், இழுத்துச் செல்லும் குதிரைகள் எல்லாம் உண்டு. அந்தத் தேரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் ஒருவர், மேடுபள்ளத்தில் குலுங்காதபடி 'சஸ்பென்ஷன்' வைத்த பொம்மை வண்டியைச் செய்து காப்புரிமை கேட்டால், விண்ணப்பம் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும்.

அங்கே முதல் கேள்வி, இது ஏற்கெனவே உலகில் எங்காவது உண்டா என்பதுதான். உண்டு. பிரிட்டனின் 'கார்கி' பொம்மை நிறுவனம் 1959-லேயே பொம்மைக் காருக்கு வில் (ஸ்பிரிங்) பொருத்திவிட்டது. 1968-இல் வந்த 'ஹாட் வீல்ஸ்' காரைக் கட்டைவிரலால் அழுத்தினால், அச்சாக இருந்த மெல்லிய கம்பியே வளைந்து நிமிரும். எவ்வளவு எளிய, அழகான வேலை!

புதிதாக இருந்தாலும் போதாது. துறை தெரிந்தவருக்குச் சட்டெனத் தோன்றக்கூடியதாக இருந்தால் மறுப்புதான். நிஜக் காரின் வில்லைச் சிறிதாக்கிப் பொம்மையில் வைப்பது பெரும்பாலும் இங்கேதான் அடிபடுகிறது. தெரிந்த கருவிகளை வெறுமனே இடம் மாற்றி அடுக்குவதையும் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.

முதல் ஆட்சேபக் கடிதம் வந்ததும் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். அது இறுதி முடிவல்ல. பதில் சொல்ல 6 மாதம் உண்டு. கேட்டால் நேரில் வாதாடவும் வாய்ப்புத் தருவார்கள். அதன் பிறகும் மறுத்தால், 2021 முதல் மேல்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான்.