கொய்யாவும் அணிலும்

கொய்யா பழுக்கும் நாளை வீட்டுக்காரரைவிட அணில் நன்கு அறியும். நாளை பறிக்கலாம் என்று விட்டுவைத்த பழத்தில் பாதியைக் கொறித்துக் கீழே தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். முழுப் பழத்தையும் தின்றாலாவது மனம் ஆறும்! இந்த எரிச்சலில் சிலர் எலி மருந்தை எடுத்துவிடுகிறார்கள். அதற்குமுன் அணிலின் பல்லைச் சற்றுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் நாம் காண்பது முதுகில் மூன்று வெண்கோடுகள் கொண்ட அணில். எலியைப் போல இதுவும் கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தது. மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக உள்ள இதன் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் கடினமான எனாமலால் ஆனது; பின்பக்கம் அதைவிட மென்மையானது. கொறிக்கும்போது பின்பக்கம் விரைவில் தேய்வதால், உளியைப் போலப் பல் தானே கூர்மை அடைகிறது. தேயாமல் விட்டால் பற்கள் நீண்டு, உண்ணவே முடியாமற்போகும். பிளாஸ்டிக் குழாயையும் மின்கம்பியின் உறையையும்கூட அணில் கடித்துவைப்பது இதனால்தான்.

இனி மருந்துக்கு வருவோம். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு, வயிற்றிலுள்ள அமிலத்துடன் வினைபுரிந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடுகிறது. அணிலின் வயிற்றில் நடப்பதே நாயின் வயிற்றிலும், கோழியின் வயிற்றிலும், கைக்கு எட்டியதை வாயில் போடும் குழந்தையின் வயிற்றிலும் நடக்கும். இதற்கெனத் தனி முறிமருந்து கிடையாது. ஓர் அணில் செத்தாலும், பழம் இருக்கும் மரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து அணில் வந்துவிடும். ஒரு கொய்யாப்பழத்துக்காக இத்தனை ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா?

பழத்தை அணிலுக்கு எட்டாமல் செய்வதே வழி. கொய்யாவும் சப்போட்டாவும் பறித்தபின்னும் பழுக்கும் இனங்கள்; காய்க்குள் உண்டாகும் எத்திலீன் வாயுவே அவற்றைப் பழுக்கச் செய்கிறது. எனவே கொய்யாவின் கரும்பச்சை வெளிறத் தொடங்கியதுமே பறித்து வீட்டினுள் பழுக்கவைக்கலாம். மணம் வீசும்வரை மரத்தில் விடுவது அணிலுக்கு அழைப்பு அனுப்புவதுதான். மாதுளை அப்படியல்ல, பறித்தபின் பழுக்காது. அதற்குக் கம்பிவலையைக் கூடுபோல் வளைத்துக் கட்ட வேண்டும். துணிப்பையையும் காகித உறையையும் அந்தப் பற்கள் எளிதில் கிழித்துவிடும்.

தனித்து நிற்கும் தென்னைக்கு, 2 மீட்டர் உயரத்தில் சுமார் 40 செ.மீ. அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றி அடிப்பதுண்டு. வழவழப்பில் நகம் பற்றாது. ஆனால் பக்கத்து மரமோ மதிலோ தாவும் தூரத்தில் இருந்தால் தகரம் வீண்.

மிளகாய்க் கரைசல் தெளிப்பதும் உண்டு. மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு உறைப்பதில்லை. ஆகவே அணில் தயங்கினாலும் கிளி தயங்காது. ஒரு மழை பெய்தால் கரைசலும் கழுவிப்போய்விடும்.

விதைத்த நிலக்கடலையைத் தோண்டித் தின்னும் தொல்லைக்குப் பாத்தியின்மேல் கம்பிவலை விரித்தாலே போதும். செடி நான்கு இலை விட்டதும் அதை எடுத்துவிடலாம்.