உங்களுக்குத் தெரியுமா? பாட்டி பெட்டியும் ஊர்ப் பாறையும்

பேரன் என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த வீட்டு வம்சாவளியை எழுத உட்கார்ந்தாலும் முதல் நாளே இது புரிந்துவிடும். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்ப வரும். பத்திரத்தில் இருக்கும் கோவிந்தசாமி உங்கள் தாத்தாவா, தாத்தாவுக்குத் தாத்தாவா? ‘இன்னார் குமாரர்’ என்று எழுதிய இடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

*

“ராட்சச வருஷம் ஆவணியில பொறந்தவ நான்” என்பார் என் பாட்டி. ஆங்கிலத் தேதி கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது துல்லியமான காலக்குறிப்புதான்: 1915 ஆகஸ்ட், செப்டம்பர். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் 1855ம் ராட்சச வருஷம்தான், 1975ம் ராட்சச வருஷம்தான். எது என்பதைப் பிள்ளைகளின் வயது சொல்லிவிடும். “தாது வருஷப் பஞ்சத்துல இந்த ஊருக்கு வந்தவங்க நாம” என்று யாராவது சொன்னால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். அது 1876ல் தொடங்கிய பெரும் பஞ்சம்.

*

பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதிலும் அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கிலும் இருக்கும் ‘பசலி’ என்ற வருவாய் ஆண்டு எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஆண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. ஆக, பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

*

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் இருந்தது. மடிப்பு வாட்டில் நான்காகக் கிழிந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. சொத்து கைமாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டதால் யாரும் அதைச் சீந்தவில்லை. நான் அதைச் செக்குபந்திக்காகப் படித்தேன். இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு, ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்களே, அந்த நான்கு வரிக்குள் அன்றைய ஊரே இருக்கிறது: பக்கத்து நிலத்துக்காரர்கள், இன்று தூர்ந்துபோன கிணறு, இன்று மனைப் பிரிவாகிவிட்ட வாய்க்கால் கரை. அடியில் மங்கிய நீல மையில் ஒரு ரேகை. பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில், அது யாருடைய இடதுகைப் பெருவிரல் என்ற குறிப்பு. என் கொள்ளுப்பாட்டிக்குப் புகைப்படம் கிடையாது. அவர் இந்த உலகத்தில் விட்டுப்போன உருவம் அந்த ரேகை ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரலாறு இல்லை என்று யாரும் இனி என்னிடம் சொல்ல முடியாது.

*

விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30 அன்றுதான். அதற்கு முன்னால் எல்லாம் தென்னாற்காடு, தலைமையிடம் கடலூர். 2019ல் கள்ளக்குறிச்சியும் பிரிந்து போய்விட்டது. ஆகவே பழைய ஆவணம் தேடுகிறவர்கள் விழுப்புரத்தோடு நின்றுவிடாமல் கடலூரிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். ஜே.எச். கார்ஸ்டின் 1878லும் டபிள்யூ. பிரான்சிஸ் 1906லும் எழுதிய மாவட்ட விவர நூல்களுக்கும் ‘தென்னாற்காடு’ என்றுதான் பெயர்.

*

கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகள் 1980ல் ஒழிக்கப்பட்டன. ஊர்ப் பிறப்பு, இறப்புக் கணக்கெல்லாம் அதுவரை அவர்கள் கையில்தான் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள்.

*

திண்டிவனம் என்றால் புளியங்காடு. வடமொழியில் ‘திந்திரிணி’ என்பது புளிய மரம். ஊர்ச் சிவன் பெயரும் திந்திரிணீஸ்வரர்தான்.

*

செஞ்சிக்கோட்டைக்குப் போகிறவர்கள் பலர் பக்கத்தில் இருக்கும் திருநாதர்குன்றைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்குள்ள சிறிய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. ஒரு மனிதரின் கடைசி 57 நாட்களை எண்ணிக் கல்லில் வெட்டி வைத்தவர் யாரோ! சந்திரநந்தியின் மாணவராக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

*

விழுப்புரம்–செஞ்சி சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பொறித்திருக்கிறான். அரசன் பெருமை அது.

எனக்கு அதைவிட நெருக்கமானது எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு. முதலாம் இராஜேந்திரன் காலத்தில் இந்தச் சின்ன ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி ஒன்று நடந்திருக்கிறது. தொடக்க நிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு! எங்கள் காலத்து விடுதிகளிலும் சீனியருக்குத் தனி மரியாதை உண்டு.

*

ஏரிக்கரையில், வேப்ப மரத்தடியில், பெருத்த வயிறோடு கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த அம்மன் சிலை உங்கள் ஊரில் இருக்கிறதா? ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு ஓர் ஆண், மறுபக்கம் ஓர் இளம்பெண், மேலே காக்கைக் கொடி இருக்கிறதா? அவள் தவ்வை, மூத்ததேவி. இருபுறமும் நிற்பவர்கள் அவள் மகன் மாந்தன், மகள் மாந்தி. பல்லவர் காலத்தில் வளமைக்காக வணங்கப்பட்டவளைத்தான் பின்னாளில் ‘மூதேவி’ என்று வசவாக்கிவிட்டோம். இன்றும் வேறு பெயரில் அவளுக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டாதீர்கள். ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் அங்கே அவளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் எழுதி வையுங்கள், போதும்.

*

பக்கத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். செஞ்சிச் சண்டைச் செய்தியும் அதில் உண்டு, கல்யாண வீட்டுப் பேச்சும் உண்டு. உங்கள் தாத்தாவின் வரவு செலவு நோட்டை எடைக்குப் போடும் முன் அதையும் புரட்டிப் பாருங்கள்.

*

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911க்குள் அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். தென்னாற்காட்டிலிருந்தும் போனார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கூடவே தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. அவர்களுடைய எள்ளுப்பேரன்கள் இன்று அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயரை எந்த வரைபடத்திலும் காண முடியாது. ஆனால் அதைத் திண்டிவனம் டீக்கடையில் நின்று மெதுவாக, இரண்டு மூன்று விதமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, “அட, அது நம்ம ஊருப்பா” என்பார்.